பிள்ளைகள் சிங்கப்பூரில், நீங்கள் பூண்டியில்: நல்ல நாட்களை நடத்துவது எப்படி?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டிப் போனால் பூண்டி. படிப்படியாக வெட்டிய நிலம், அதில் வெள்ளைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. இந்த மலையில் வளர்ந்த உங்கள் மகனோ மகளோ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

அங்கே தீபாவளி உண்டா? பொங்கலுக்கு ஏன் வர மாட்டேன் என்கிறார்கள்? பிள்ளைப்பேற்றை இங்கே வைத்துக்கொள்வதா, அங்கேயா? பேத்திக்குக் காது குத்துவது எப்போது? நாம் போனால் பையில் எதை எடுத்துப் போகலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அது எப்படிப்பட்ட ஊர்? சிங்கப்பூர் ஒரு தீவு. பூமியின் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே குளிர்காலம் கிடையாது. மார்கழியோ சித்திரையோ, வெயிலும் புழுக்கமும் ஒன்றுதான். சூரியன் வருடம் முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டி எழுந்து மாலை ஏழு மணியை ஒட்டி மறையும். கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். பூண்டியில் காலை ஆறு என்றால் அங்கே எட்டரை; பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போயிருப்பார்கள். இந்த இரண்டரை மணி நேரத்தை நினைவில் வையுங்கள். பின்னால் நிறைய இடத்தில் உதவும்.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. மகன் அங்கே குடும்பத்தோடு வாழ முடியுமா? அது அவன் கையில் உள்ள வேலை அட்டையைப் பொறுத்தது. கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற வேலைகளுக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பது ஒர்க் பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு). அதில் மனைவி, பிள்ளைகளை அழைத்துப் போய்த் தங்கவைக்க வழியே இல்லை. அதற்கு மேல்நிலையில் எஸ் பாஸ், எம்பிளாய்மென்ட் பாஸ் என்று இரண்டு அட்டைகள் உண்டு. அவற்றில் ஒன்றை வைத்திருப்பவர் மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வாங்கினால்தான் மனைவியையும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் டிபெண்டன்ட் பாஸில் (சார்ந்திருப்போர் அட்டை) அழைக்கலாம். வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலருக்கு அங்குள்ள தமிழர் சொல்லும் பெயர். 6,000 வெள்ளி நம் பணத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய்.

பெற்றோரை நீண்ட காலம் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்த வரம்பு 12,000 வெள்ளி. ஆகவே "அம்மா அப்பாவை ஏன் கூட்டிப் போகவில்லை?" என்று பக்கத்து வீட்டார் கேட்டால், பிள்ளைக்கு மனம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சம்பள வரம்பு அங்கே குறுக்கே நிற்கிறது.

பெண் கொடுக்கிறவர்களும் இதைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "சிங்கப்பூர் மாப்பிள்ளை" என்று சொன்னால் போதாது. எந்த அட்டை, நிலையான சம்பளம் எவ்வளவு என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தாலி கட்டிய கையோடு பெண் கிளம்பிப் போவாளா, வருடத்துக்கு ஒருமுறை வரும் கணவனுக்காகக் காத்திருப்பாளா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. இன்னொன்று, டிபெண்டன்ட் பாஸில் போகும் பெண் அங்கே வேலை பார்க்க விரும்பினால், 2021 மே முதல் தனியாக வேலை அட்டை வாங்கியாக வேண்டும். படித்த பெண் என்றால் இதையும் கணக்கில் எடுங்கள்.

குடும்பம் இல்லாமல் தனியாக இருக்கும் மகன் எத்தனை நாள் விடுப்பில் வர முடியும்? அந்நாட்டு வேலைச் சட்டப்படி முதல் வருடம் சம்பளத்தோடு குறைந்தது 7 நாள். பிறகு வருடத்துக்கு ஒரு நாளாகக் கூடி, எட்டாவது வருடம் 14 நாள். சில நிறுவனங்கள் கூடுதலாகக் கொடுக்கும். சட்டம் உறுதி செய்வது இவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்து கொடைக்கானல் சுமார் 200 கிலோமீட்டர், அங்கிருந்து பூண்டிக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை. போக வர இரண்டு நாள் வழியிலேயே போய்விடும். ஏழு நாளில் மிச்சம் ஐந்து.

இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால் தீபாவளிக்கும் வா, பொங்கலுக்கும் வா, ஊர்த் திருவிழாவுக்கும் வா என்று மூன்று பக்கம் இழுக்கத் தோன்றாது. எந்த ஒன்றுக்கு வரவேண்டும் என்பதை வருடத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஊர்த் திருவிழாவைச் சொல்வேன். தீபாவளியை அவன் அங்கேயும் கொண்டாடலாம். பூண்டித் திருவிழா பூண்டியில் மட்டும்தான் நடக்கும்.

திருவிழாத் தேதியைக் கூட்டம் போட்டுக் கடைசி நேரத்தில் முடிவு செய்யும் வழக்கம் இருந்தால், ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே தேதி தெரிந்தால் விமானச் சீட்டு விலை கணிசமாகக் குறையும். மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கவும் வசதி. வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் இது நல்லது.

சரி, அங்கே தீபாவளி எப்படி? கவலையே வேண்டாம். சிங்கப்பூரின் 11 பொது விடுமுறைகளில் தீபாவளியும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் திங்கட்கிழமையும் விடுமுறை. 2023-இல் அப்படித்தான் நடந்தது. சிராங்கூன் சாலையில் ஒளி அலங்காரம் செய்திருப்பார்கள். அந்தப் பகுதியைத் தமிழர்கள் தேக்கா என்றே சொல்வார்கள். பூ, வாழையிலை, வெற்றிலை, நல்லெண்ணெய், புதுத்துணி, பலகாரம், எல்லாம் அங்கே கிடைக்கும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பாக, 1827-இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். பக்தர்கள் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்துபோய்ப் பூக்குழி இறங்குவார்கள்.

இல்லாத ஒன்று வெடி. 1970-இல் சீனப் புத்தாண்டின்போது வெடியால் உயிர்ச்சேதம் ஏற்பட்டதால் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 1972-இல் முழுத் தடை வந்தது. கம்பி மத்தாப்பு மட்டும் கொளுத்தலாம். சரவெடி, அணுகுண்டு, ராக்கெட் எதையும் வைத்திருந்தாலே குற்றம். அபராதத்தோடு சிறைக்கும் போக நேரும். எந்தச் சாக்கிலும் பேரனுக்கென்று பட்டாசு கொடுத்து அனுப்பாதீர்கள். விமானத்தில் ஏற்றுவதும் குற்றம்தான்.

பொங்கல் கதையே வேறு. அதற்கு அங்கே விடுமுறை இல்லை. வேலை நாளில் வந்தால் அது வேலை நாள்தான். அத்துடன் சிங்கப்பூர்ப் பள்ளிகள் புது வகுப்பைத் தொடங்குவது ஜனவரி முதல் வாரத்தில்; பொங்கல் வரும்போது பள்ளி திறந்து பத்துப் பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது. பேரப் பிள்ளைகளைப் பொங்கலுக்கு அனுப்ப மருமகள் தயங்கினால் காரணம் இதுதான்.

அப்படியானால் பொங்கலே இல்லையா? உண்டு. தேக்காவில் கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை விற்பார்கள். பொங்கல் விழா நடக்கும். நகரத்துப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று மாடுகளையும் கொண்டுவந்து கட்டுவார்கள். கன்றுக்குட்டியைத் தொட்டுப் பார்க்கக் குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். பூண்டியில் தொழுவத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குள்ளேயே போகிறோம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அடுக்குமாடியில் பிறந்த குழந்தைக்கு அது வருடத்தில் ஒரே வாய்ப்பு.

வீட்டில் பொங்கல் வைப்பது எங்கே? பெரும்பாலோர் வசிப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில். வாசல் என்று தனியாக இல்லை, பொது நடைபாதைதான். அங்கே அடுப்பு மூட்ட முடியாது. எரிவாயு அடுப்பில் பானை வைத்து, கிழக்கு ஜன்னலைத் திறந்து சூரியனுக்குக் காட்டுவார்கள். கோலத்தைக் கதவுக்கு முன் சிறிதாக, நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போட்டுக்கொள்வார்கள். சத்தமும் பார்த்துத்தான், இரவு அமைதி காக்க வேண்டிய நேரம். சொந்தபந்தம் நிறையச் சேரும் நிகழ்ச்சி என்றால் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தையோ சமூக மன்றத்தின் கூடத்தையோ முன்கூட்டி அனுமதி வாங்கி எடுப்பார்கள்.

இங்கேதான் அந்த இரண்டரை மணி நேரம் வருகிறது. தை முதல் நாள் சிங்கப்பூரில் சூரியன் எழும்போது, சுமார் ஏழே கால், பூண்டியில் விடியற்காலை நாலே முக்கால். பனி இறங்கும் இருட்டு. உங்கள் வாசலில் ஆறரைக்கு மேல் வெளிச்சம் வந்து பானை பொங்கும்போது அங்கே ஒன்பது மணி தாண்டியிருக்கும், வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். "பொங்கும் நேரத்துக்குக்கூட வீடியோவில் வரவில்லை" என்று வருத்தப்படும் வீடுகள் பல.

வழி எளிது. உங்கள் மாலை ஐந்து மணி அவர்களுக்கு ஏழரை. வேலையும் பள்ளியும் முடிந்து எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம். காலையில் பானை பொங்குவதைக் காணொளியாக எடுத்து அனுப்பிவிடுங்கள். சிக்னல் தடுமாறும் நாளிலும் அது மெதுவாகப் போய்ச் சேரும். மாலை ஐந்துக்கு மாட்டுக்கு மஞ்சள் பூசி மணி கட்டும் வேலையை வைத்துக்கொண்டு அப்போது கூப்பிடுங்கள். அல்லது இன்னும் துணிந்து, அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டிலும் இன்னொரு முறை பொங்கல் வையுங்கள். சாமி நாளை மாற்றக்கூடாது என்பவர்கள் முதல் நாள் பூஜையை விடாமல் செய்யட்டும். ஆட்கள் கூடும் நாளும் ஒரு பண்டிகை நாளாக இருக்கட்டுமே.

பழனி மலைக்காரர்கள் அடுத்துக் கேட்பது தைப்பூசம். அது அங்கே பெரிய விழா. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் காவடியும் பால்குடமும் கிளம்பி, நகரத்தார் 1859-இல் கட்டிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் முடியும். முதல் நாள் இரவிலிருந்தே கூட்டம் நகரத் தொடங்கும். ஆனால் தைப்பூசத்துக்கும் பொது விடுமுறை இல்லை. முன்பு இருந்ததை 1968-இல் எடுத்துவிட்டார்கள். ஊர்வல வழியில் மேளதாளத்துக்கும் பல பத்தாண்டுகள் கட்டுப்பாடு இருந்தது. 2016 முதல் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி உண்டு. பழனிக்குப் பாதயாத்திரை போய்ப் பழகிய பிள்ளைக்கு இந்தக் காவடி பெரிய ஆறுதல். வேண்டுதல் பழனிக்கு என்றால் அதை ஊருக்கு வரும்போது செலுத்தட்டும். இந்த வருடக் காவடியை டேங்க் ரோட்டில் எடுக்கட்டும்.

இனி, யோசித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்: பிள்ளைப்பேறு. தாய்வீட்டில் தலைப்பிரசவம் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு அழைத்துவருவோம். அயல்நாட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் சரிவராது. பொதுவாக 28 வாரத்துக்கு மேல் விமான நிறுவனங்கள் மருத்துவர் சான்று கேட்கும். 36 வாரத்தை நெருங்கினால் ஏற்றமாட்டார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும் என்பதால் சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். பிரசவத்துக்கு இங்கே வருவதானால் ஏழாம் மாத வளைகாப்புதான் நல்லது. அதை அங்கேயே நடத்திவிட்டு உடனே கிளம்பலாம், அல்லது ஆறு மாதத்தில் வரவழைத்து இங்கே நடத்தலாம்.

அங்கேயே பிரசவம் என்றால்? மருத்துவ வசதி நன்றாக இருக்கும். ஆனால் வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணச் சலுகை இல்லை. பெண் வேலைக்குப் போகிறவள் என்றால், குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இல்லாதபோது சட்டப்படி பேறுகால விடுப்பு 12 வாரம். அரசு தரும் தந்தையர் விடுப்பு குடிமக்கள் குழந்தைகளுக்கு மட்டும். மாப்பிள்ளைக்கு நிறுவனம் மனம் வைத்துக் கொடுத்தால் உண்டு. பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ள ஆள் யார் என்பதை ஆறு மாதம் முன்பே முடிவு செய்யவேண்டும்.

என் கருத்து: முதல் குழந்தை, பெண் வேலைக்குப் போகாதவள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் இங்கே வருவது நல்லது. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ மருத்துவமனைக்கு அருகே சில வாரம் வீடு எடுத்துத் தங்குங்கள். கடைசி மாதத்தில் பூண்டியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பயணம் வேண்டாம். பூண்டுக் குழம்பும் பத்தியமும் கீழேயும் சமைக்கலாம்.

குழந்தை அங்கே பிறந்தால் எந்த நாட்டுப் பிள்ளை? அம்மா அப்பா இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றால், பிறந்த மண்ணை வைத்துச் சிங்கப்பூர்க் குடியுரிமை வராது. செய்யவேண்டிய காரியங்களுக்குக் கெடு உண்டு. பிறப்பை 42 நாளுக்குள் அங்கே பதிய வேண்டும். 2022 மே மாத இறுதி முதல் சான்றிதழ் மின்வடிவில்தான் வருகிறது. அந்த 42 நாளுக்குள்ளேயே குழந்தைக்குத் தங்கும் அனுமதிக்கும் ஏற்பாடு செய்தாக வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் தேவை. அதை இந்தியத் தூதரகத்தில் (சிங்கப்பூரில் அதற்கு ஹை கமிஷன் என்று பெயர்) வாங்க வேண்டும். அங்கே குழந்தையின் பிறப்பைப் பதிவதும் கட்டாயம். நம் குடியுரிமைச் சட்டப்படி ஒரு வருடத்துக்குள் பதியாவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேடி அலைய நேரும்.

பிறந்த ஆறு வாரத்துக்குள் இத்தனை தாள்களிலும் பெயர் ஏறவேண்டும். ஆகவே ஜோசியரிடம் எழுத்துக் கேட்பது, குலசாமி பெயரா தாத்தா பெயரா என்று பேசுவது எல்லாவற்றையும் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்பா பெயர் தலைப்பெழுத்தாக வருமா, முழுப்பெயராக வருமா என்பதையும் பெற்றோர் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு எழுத்து வேறுபாட்டால் வருடக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் உண்டு.

மொட்டையும் காதுகுத்தும் எப்போது? சிங்கப்பூர்க் கோயில்களிலும் இவற்றைச் செய்யலாம், முன்பதிவு வேண்டும். ஆனால் தாய்மாமன் மடி அங்கே எப்படிப் போகும்? அவருக்கு விசா, சீட்டு, விடுப்பு எல்லாம் வேண்டும். ஊரில் செய்வதே சொந்தங்களுக்குச் சுலபம். அதற்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு சிங்கப்பூர்ப் பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய விடுமுறைகள் இரண்டு: ஜூனில் நான்கு வாரம், நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முடிய ஆறு வாரம். நம் ஏப்ரல், மே விடுமுறையில் அங்கே பள்ளி நடந்துகொண்டிருக்கும். அக்கா பிள்ளைகள் இங்கே, தம்பி பிள்ளைகள் அங்கே என்றால் இரண்டும் ஒட்டும் இடம் மே கடைசியும் ஜூன் முதல் வாரமும். வைகாசி முகூர்த்தம் அதில் விழுந்தால் விட்டுவிடாதீர்கள்.

பேரன் தமிழ் பேசுவானா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று. அரசுப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். 'தமிழ் முரசு' நாளிதழ் 1935 முதல் வருகிறது; அதைத் தொடங்கிய திருவாரூர்க்காரர் கோ. சாரங்கபாணி 1952-இல் தமிழர் திருநாள் விழாவையும் முன்நின்று தொடங்கினார். வானொலியும் தொலைக்காட்சியும் உண்டு. ஆனால் அரசுப் பள்ளிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கடைசியாகத்தான் கிடைக்கும், கட்டணமும் அதிகம். பல குடும்பங்கள் இந்தியப் பாடத்திட்டத் தனியார் பள்ளிக்குப் போய்விடுகின்றன. அங்கே தமிழ் சொல்லித்தருகிறார்களா என்று சேர்க்கும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

பள்ளி எதுவானாலும் வீட்டுத் தமிழ் உங்கள் கையிலும் இருக்கிறது. போனில் "சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா" என்ற இரண்டு கேள்வியோடு குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பூண்டு பிடுங்குவதைக் காட்டுங்கள், காட்டுமாடு வந்து மிதித்த கதையைச் சொல்லுங்கள். குழந்தை பதில் ஆங்கிலத்தில் சொன்னாலும் கேலி செய்யாமல் தமிழிலேயே தொடருங்கள்.

தோட்டம் என்றதும் ஒரு விஷயம். பண்டிகைக்குப் பிள்ளைகள் கூடும்போது பாகப் பேச்சு வருவது இயல்பு. அயல்நாட்டில் குடியிருக்கும் பிள்ளை, இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. தான செட்டில்மென்டாகவும் வாங்க முடியாது. வாரிசுரிமையில், உயில்வழி வருவதற்குத் தடை இல்லை. எனவே எழுதிவைப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கெட்ட செய்தி வந்தால்? இதையும் பேசித்தான் ஆகவேண்டும். உடனே கிளம்பினாலும் மகன் பூண்டி வந்துசேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். காத்திருப்பதா, காரியத்தை முடித்துவிடுவதா என்பதைத் துக்கத்தின் நடுவே யாரோ முடிவு செய்து, பிறகு ஆயுள் முழுக்க மனக்கசப்பு தங்கிவிடுகிறது. வீட்டுப் பெரியவர்கள் நலமாக இருக்கும்போதே தங்கள் விருப்பத்தைச் சொல்லிவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி.

கடைசியாக, நீங்கள் போவது. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தீபாவளியில் குறைவது எண்ணெயும் பலகாரமும் அல்ல, தலையில் எண்ணெய் வைக்கும் கை. ஒரு முறையாவது போய்வாருங்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். விசா கட்டாயம், அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் போலி. மருத்துவச் செலவு அங்கே மிக அதிகம் என்பதால் பயணக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள்.

பையில் என்ன வைக்கலாம்? கொஞ்சம் மலைப்பூண்டு, வீட்டு மசாலாப் பொடி, முறுக்கு, அதிரசம் தாராளமாக. பழனிப் பஞ்சாமிர்தம் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள். ஆட்டுக்கறி உப்புக்கண்டம், கோழி, முட்டை எதுவும் கூடாது. கசகசா வேண்டவே வேண்டாம். நம் அடுக்களைப் பொருள்தான், ஆனால் அங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவு பிடிக்கும். சூயிங்கம், வாயில் போடும் புகையிலை, மின்சிகரெட் தடை. சிகரெட்டுக்கு முதல் குச்சியிலிருந்தே வரி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, மூன்று மாத அளவுக்கு மிகாமல் எடுங்கள். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரைகளுக்கு முன் அனுமதி தேவைப்படும். செடி, நாற்று, மண் வேண்டாம்.

மலைக்குளிருக்குப் பழகிய உடம்பு அந்தப் புழுக்கத்தில் முதல் வாரம் சோர்ந்துபோகும். பருத்தித் துணி, நிறையத் தண்ணீர், காலை எட்டுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ நடை. ஸ்வெட்டர் ஒன்று மட்டும் போதும். ரயிலிலும் கடைகளிலும் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். இறங்கும்போது எத்தனை நாள் தங்கலாம் என்று சொல்லும் மின்னஞ்சல் வரும், பெரும்பாலும் 30 நாள். நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், கிடைத்தே தீரும் என்பதில்லை. பிரசவத்துக்குத் துணையாகப் போகிறீர்கள் என்றால் குறித்த தேதிக்குப் பத்து நாள் முன்பு போய் இறங்குங்கள். சீக்கிரமே போய்விட்டால் குழந்தை பிறந்த கையோடு கிளம்ப வேண்டிவரும். கொடுத்த நாளைத் தாண்டி ஒரு நாள்கூடத் தங்காதீர்கள். அது குற்றம், அடுத்த முறை விசாவையும் அது கெடுக்கும்.